கோர்பி: உருக்காலை மூடிய பிறகு தெருவில் ஓடிய சேறு

எதற்காக இந்தப் பதிவு

மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தைத் துப்புரவு செய்து மறுபடி வேலை தரும் இடமாக மாற்றுவது நல்ல காரியம். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள கோர்பி என்ற சிறு நகரம் 1980-களில் அப்படியொரு நல்ல காரியத்தைத்தான் தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்த ஊரில் சில குழந்தைகள் கைவிரல்கள் இல்லாமலும் கை முழுதாக வளராமலும் பிறந்தன. 2009-ல் உயர் நீதிமன்றம் நகராட்சியின் வேலை முறையையே அதற்குப் பொறுப்பாக்கியது.

இதை வெறும் வழக்காக மட்டும் படித்தால் பாதிதான் புரியும் என்பது என் எண்ணம். அந்த நிலத்தில் அவ்வளவு நச்சு எப்படிச் சேர்ந்தது, அதற்குப் பக்கத்திலேயே அவ்வளவு பேர் ஏன் குடியிருந்தார்கள், துப்புரவில் ஏன் அவ்வளவு அவசரம் காட்டினார்கள் என்பதற்கெல்லாம் விடை ஊரின் பழைய வரலாற்றில் இருக்கிறது. அதனால் ஆலை வந்த நாளிலிருந்தே சொல்கிறேன். குடும்பங்கள், ஊழியர்கள், ஒப்பந்தக்காரர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பின்னணி: கிராமத்துக்குள் வந்த ஆலை

கோர்பி லண்டனுக்கு வடக்கே, ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. 1931-ல் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 1,500 பேர். ஊரைச் சுற்றிலும் நிலத்துக்கடியில் இரும்புத் தாது கிடந்தது. உயர்ந்த ரகம் என்று சொல்ல முடியாது. இரும்பு குறைவு, பாஸ்பரஸ் அதிகம். ஆனால் சுரங்கம் வெட்ட வேண்டியதில்லை, மேல்மண்ணை அகற்றினாலே அள்ளிக்கொள்ளலாம்.

குழாய் செய்வதில் பேர்போன ஸ்டூவர்ட்ஸ் அண்டு லாயிட்ஸ் கம்பெனி, 1930-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய முடிவை எடுத்தது. தாதுவை வேறெங்கோ கொண்டுபோவதற்குப் பதிலாக, அது கிடக்கும் இடத்திலேயே தாதுவை உருக்கும் ஊதுலை, நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி எடுக்கும் அடுப்பு, உருக்கு உலை, குழாய் ஆலை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் கட்டிவிடலாம் என்பதுதான் அது. 1934-ல் முதல் ஊதுலையில் நெருப்பு மூட்டினார்கள்.

வேலைக்கு ஆட்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தார்கள். கிளாஸ்கோ பக்கம் வேலையில்லாமல் தவித்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கின. 1939-க்குள் மக்கள் தொகை 12 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. எட்டு வருடத்தில் எட்டு மடங்கு. ஊருக்குக் ‘குட்டி ஸ்காட்லாந்து’ என்றே பெயர் வந்தது, இன்றைக்கும் கோர்பிக்காரர் பேச்சில் அந்த வாடை இருக்கிறது. போர்க்காலத்தில், ஆங்கிலக் கால்வாயின் அடியில் எரிபொருள் கொண்டுபோன புளூட்டோ திட்டத்துக்கு இங்கிருந்தும் குழாய்கள் போயின.

போருக்குப் பின்: ஆலைக்காகக் கட்டிய நகரம்

போர் முடிந்ததும் பிரிட்டனில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. 1946-ல் புதுநகரச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஸ்டீவனேஜ், ஹார்லோ போன்ற ஊர்கள் பெரும்பாலும் லண்டன் நெரிசலைக் குறைப்பதற்காக ஏற்பட்டவை. கோர்பியின் கதை வேறு. 1950-ல் அதைப் புதுநகரமாக அறிவித்ததற்குக் காரணம் அந்த ஒரே ஆலைதான். தொழிலாளர்களுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். நகரத் திட்ட வல்லுநர் வில்லியம் ஹோல்ஃபோர்டு திட்டம் வகுத்தார். முதலில் 40 ஆயிரம் பேருக்கு என்று போட்ட கணக்கு, பிறகு பல முறை உயர்ந்தது.

புதுநகரத்தைக் கட்ட அரசு அமைத்த வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகள் பெரும்பாலும் வாடகை வீடுகள். முன்னும் பின்னும் தோட்டம், உள்ளேயே குளியலறை. கிளாஸ்கோவில் ஓர் அறை, இரண்டு அறைக் குடியிருப்பில் பொதுக் கழிப்பறையோடு காலம் தள்ளியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலை ஊரின் கிழக்குப் பக்கம், புது வீடுகள் பெரும்பாலும் மேற்கே. இரவில் ஆலையின் உபரி வாயு எரியும் சுடர் பல மைல் தூரத்துக்குத் தெரியும். அதற்கு ஊரார் வைத்த பெயர் ‘கோர்பி மெழுகுவர்த்தி’. அது எரிகிற வரை வேலை உண்டு, சம்பளம் உண்டு.

ஆண்களுக்கு ஆலை. பெண்களுக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஒரே தொழிலை நம்பிய ஊர் என்பது பலவீனம் என்று திட்டமிட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் ஆலை நன்றாக ஓடியபோது அதைச் சரிசெய்யும் அவசரம் யாருக்கும் வரவில்லை. 1967-ல் உருக்குத் தொழில் நாட்டுடைமையானது, ஆலை பிரிட்டிஷ் ஸ்டீல் கழகத்தின் கைக்குப் போனது.

அந்தக் காலத்தின் தெம்பைக் காட்ட ஒரு காட்சி போதும். சன்டியூ என்று ஒரு ராட்சத மண்வாரி இயந்திரம் இருந்தது. சக்கரம் கிடையாது, இரண்டு பெரிய இரும்புப் பாதங்களால் அடியெடுத்து நகரும். பக்கத்து ரட்லாந்துச் சுரங்கத்தில் வேலை முடிந்ததும், 1974-ல் அதைப் பிரிக்காமல் அப்படியே கோர்பிக்கு நடத்தியே கொண்டுவந்தார்கள். சுமார் 13 மைல் தூரம் வயல், சாலை, ரயில் பாதை எல்லாம் தாண்டி வர ஏறத்தாழ ஒன்பது வாரம் ஆனது. ஆறே வருடத்தில் அதற்கு வேலை இல்லாமல் போகும் என்று அன்று நினைத்திருப்பார்களா?

1979–1981: மூடல்

உள்நாட்டுத் தாதுவில் இரும்பு குறைவு என்று சொன்னேன் அல்லவா, அதுவே பிறகு ஆலையின் கழுத்தைப் பிடித்தது. கப்பலில் வரும் உயர்ரகத் தாது மலிவாகிவிட்டதால் பிரிட்டிஷ் ஸ்டீல் தன் முதலீட்டை வேறு பெரிய ஆலைகளில் போட்டது. கோர்பியில் உருக்கு உற்பத்தியை நிறுத்தப்போவதாக 1979 நவம்பரில் அறிவித்தார்கள். அடுத்த ஜனவரியில் நாடு முழுவதும் தொடங்கிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 13 வாரம் நீடித்தும் இந்த முடிவு மாறவில்லை. 1980 வசந்த காலத்தில் உலைகள் அணைந்தன. குழாய் ஆலை மட்டும் தப்பியது. இன்று அது டாடா ஸ்டீலுக்குச் சொந்தம்.

1981 முடிவதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. அதன் பிறகும் தொடர்ந்த வெட்டுகளையெல்லாம் சேர்த்தால் கணக்கு சுமார் 11 ஆயிரம். வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. தந்தையும் மகன்களும் ஒரே வாயிலில் நுழைந்து வேலை பார்த்த குடும்பங்கள் மொத்தமாக வீட்டில் உட்கார்ந்தன.

இன்னொன்றும் அதே 1980-ல் நடந்தது. இந்த நிகழ்வுக்கு அது முக்கியம் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் நகரத்தைக் கட்டிய வளர்ச்சிக் கழகம் கலைக்கப்பட்டது. நிலம் வாங்கி, திட்டம் போட்டு, பெரிய கட்டுமானங்களை நடத்திப் பழகிய அமைப்பு அது. ஊருக்கு அப்படிப்பட்ட அனுபவம் மிக அதிகம் தேவைப்பட்ட நேரத்தில் அது விலகிக்கொண்டது. மிஞ்சியது நகராட்சி. குப்பை அள்ளுவது, வீட்டு வாடகை வசூலிப்பது, பூங்கா பராமரிப்பது போன்ற வேலைகளுக்காக அமைந்த சிறு நிர்வாகம்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

நகராட்சியின் முன்னால் இருந்த கேள்வி எளிது. புதிய தொழில்கள் வர வேண்டும், வருகிறவர்களுக்கு நிலம் வேண்டும், நிலமெல்லாம் பாழடைந்த ஆலைக்கடியில் இருக்கிறது. 1981 ஜூனில் கோர்பியைத் தொழில் ஊக்குவிப்பு மண்டலமாக அறிவித்தார்கள், இங்கிலாந்தில் அதுவே முதலாவது. வரிச் சலுகை கிடைத்தது. பாழ்நிலத்தைச் சீராக்க அரசு மானியமும் ஐரோப்பியச் சமூகத்தின் உதவியும் கிடைக்கும் நிலை இருந்தது. ஆகவே பிரிட்டிஷ் ஸ்டீலிடமிருந்து நிலத்தை நகராட்சியே வாங்கியது. சீரமைப்புத் திட்டத்தின் பரப்பு சுமார் 680 ஏக்கர். பெரிய அளவில் வேலை 1980-களின் நடுவில் தொடங்கி 1990-களின் கடைசி வரை இழுத்தது.

இந்த முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் மூன்றில் ஒரு பங்குப் பேர் வேலையில்லாமல் இருக்கும்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பலனும் கிடைத்தது. மின்னணு உதிரிபாகம் விற்கும் ஆர்.எஸ். கம்போனன்ட்ஸ் 1984-ல் வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகக் கிடங்கும் கோர்பியில்தான் அமைந்தது. மற்ற ஆலை ஊர்கள் பல இன்னும் எழுந்திருக்காத நிலையில் கோர்பி எழுந்து நின்றது என்பது உண்மை.

நிலத்தை வாங்கியபோதே வேறொன்றும் சேர்ந்து வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆலை துப்பியதெல்லாம் அங்கேயே கிடந்தது. கசடு மேடுகள், கல்கரி அடுப்பின் தார், உலைப் புகையைக் கழுவி எடுத்த சேறு தேங்கிய குட்டைகள், உலைத் தூசி. அவற்றில் காட்மியம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்களும், எரிதலில் உண்டாகும் டையாக்சின் போன்ற நச்சுகளும் இருந்தன. குட்டையில் ஈரமாகக் கிடக்கும் வரை இதில் பெரும்பகுதி அசையாது. அதை எப்படித் தோண்டுவது, எந்த வழியாக எங்கே கொண்டுபோவது என்பதில்தான் ஆபத்து முழுவதும் இருந்தது.

கழிவைத் தோண்டி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வடக்கே உள்ள டீன் குவாரியில் கொட்டுவது என்று முடிவானது. கைவிட்ட குவாரிக் குழிகள் அந்தப் பக்கம் நிறைய இருந்ததால் அது இயல்பான முடிவாகத் தெரிந்திருக்கும். அதை இன்னொரு மண் வேலையாகவே நினைத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தவரை நடந்த முதல் தவறு. நில வேலைக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர், பள்ளம் தோண்டும் இயந்திரம், லாரி இவையெல்லாம் இருந்தன. இந்தச் சேறு காய்ந்தால் என்னவாகும் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த இடத்தில் முடிவெடுக்கும் நிலையில் இல்லை.

கண்ணால் பார்த்தது

பின்னாளில் நீதிமன்றத்தில் ஊரார் சொன்ன சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருவது சாலைதான். லாரிகள் நாள் முழுக்கப் பொதுச் சாலையில் ஓடின. சேறு ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் தளும்பி வழிந்தது. துப்புரவு நிலத்திலிருந்து வெளியே வரும் டயர்கள் சேற்றை அப்படியே சாலைக்கு இழுத்து வந்தன. சக்கரங்களைக் கழுவும் ஏற்பாடு சரியாக நடக்கவில்லை.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சாலையில் விழும் சேறு ஈரமாக இருக்கும்போது யாருக்கும் மூச்சில் ஏறாது. பார்க்க அசிங்கம், காரில் ஒட்டும், அவ்வளவுதான். ஒரு நாள் வெயில் அடித்தால் அது ஓடு போலக் காய்கிறது. அடுத்து வரும் நூறு வண்டிகளின் சக்கரம் அந்த ஓட்டை அரைக்கிறது. அரைபட்டதில் பெரிய துகள் ஓரத்தில் ஒதுங்கும், மிக நுண்ணியது மட்டும் வண்டியின் பின்னால் எழுந்து காற்றில் நிற்கும். உலோகமும் மற்ற நச்சும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த நுண்ணிய துகளில்தான். ஆக, குட்டையில் அசையாமல் கிடந்த ஒன்றை, சாலையில் போகிற யாரும் சுவாசிக்கக்கூடிய தூளாக்கும் வேலையைத் துப்புரவே செய்துகொண்டிருந்தது. கார் மேலும் சன்னல் விளிம்பிலும் தூசி படிந்தது. துடைத்த மறுநாளே மறுபடி படிந்தது.

உருக்காலை ஊர்க்காரர்களுக்குத் தூசி புதிதல்ல. ஆலை ஓடிய காலத்தில் கொடியில் காயும் துணியில் கரி படிவது அன்றாட விஷயம். அந்தப் பழக்கமே இப்போது எதிரியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தூசியோடு வளர்ந்தவர்கள், இந்தத் தூசி வேறு என்று சந்தேகப்பட வாய்ப்பில்லை.

குழந்தைகள்

1980-களின் பிற்பகுதியிலிருந்து கோர்பியில் சில குழந்தைகள் கைக் குறைபாட்டோடு பிறந்தன. ஒரு கையில் விரல்கள் இல்லை, அல்லது மொட்டுப் போல நின்றுவிட்டன. சிலருக்குப் பாதம் வளைந்திருந்தது. ஒவ்வொரு தாயும் முதலில் தனியாகத்தான் அதைச் சுமந்தார். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை போட்டேன், என்னால்தான் இப்படி ஆனதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மருத்துவர்கள் தற்செயல் என்றார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அது தவறான பதிலும் இல்லை. இப்படிப்பட்ட குறைபாடு எந்த ஊரிலும் அபூர்வமாக நேர்வதுண்டு.

தாய்மார்கள் ஒருவரையொருவர் சந்தித்தபோதுதான் படம் மாறியது. சிறிய ஊர். மருத்துவமனை, பள்ளி வாசல், கடைத் தெரு என்று எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். உன் குழந்தைக்குமா என்ற கேள்வியிலிருந்து ஒரு பட்டியல் உருவானது. 1999-ல் ஒரு தேசியப் பத்திரிகை இதை வெளியிட்டது. அதன் பிறகு இன்னும் சில குடும்பங்கள் முன்வந்தன.

கருவில் கை உருவாகும் காலம் எது என்று தெரிந்தால், இதில் உள்ள கொடுமை விளங்கும். கருத்தரித்த நான்காவது வாரத்தில் கை ஒரு சின்ன மொட்டாக அரும்பும். எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும். அந்த நான்கு வாரத்தின் தொடக்கத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. வேலைக்குப் போயிருப்பார்கள், கடைக்கு நடந்திருப்பார்கள், லாரி போன சாலையைக் கடந்திருப்பார்கள். எச்சரிக்கை என்று ஒன்று கிடைத்திருந்தால் அது அதற்கு முன்பே, ஊர் முழுவதுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

முதல் விசாரணையும் அதன் பதிலும்

பத்திரிகைச் செய்திக்குப் பிறகு சுகாதாரத் துறை ஆராய்ந்தது. வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கை எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. நகராட்சியும் அதையே பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். அபூர்வமான ஒன்றை எண்ணும்போது, எதை எண்ணுகிறோம், எந்த எல்லைக்குள், எந்த வருடங்களில், எதோடு ஒப்பிட்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். எல்லாவகைப் பிறவிக் குறைகளையும் ஒன்றாகப் போட்டால் கைக் குறைபாடு மறைந்துவிடும். ஊரை மாவட்டத்தோடு கலந்தாலும் மறைந்துவிடும். பின்னால் வழக்கில், கைக் குறைபாட்டை மட்டும் தனியே எடுத்து, கோர்பியை அண்டைப் பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் 1989 முதல் 1999 வரை கோர்பியில் புள்ளியியல்படி பொருட்படுத்த வேண்டிய குவியல் இருந்தது தெரிந்தது. முதலில் ஆராய்ந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதில் சொன்ன கேள்வி வேறு, தாய்மார்கள் கேட்ட கேள்வி வேறு.

வழக்கு

குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. விசாரணைக்கு வந்தபோது வாதிகள் 18 பேர், 1986-க்கும் 1999-க்கும் இடையில் பிறந்தவர்கள். சட்டத்தில் மூன்று வழிகளில் கேட்டார்கள்: நகராட்சியின் கவனக்குறைவு, பொதுத் தொல்லை (ஊராருக்குப் பொதுவாகத் தீங்கு செய்வது), கழிவைக் கையாள்வதில் சட்டம் விதித்த கடமையை மீறியது. மூன்றாவது, 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைச் சார்ந்தது. கழிவை வைத்திருப்பவரும் கொண்டுபோகிறவரும் அது சிந்தித் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 34-ஆம் பிரிவு.

காயம் பட்டது பிறப்பதற்கு முன்னால். அந்த நிலையில் குழந்தை எப்படி வழக்குப் போட முடியும்? கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் பல குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மாத்திரை தந்த துயரத்துக்குப் பிறகு, 1976-ல் இதற்கென்றே பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பெற்றோருக்குச் செய்த தவறால் குழந்தை குறையோடு பிறந்தால், அந்தக் குழந்தை நஷ்ட ஈடு கேட்கலாம்.

நகராட்சி முதலில் சட்டப் புள்ளியிலேயே தடுக்கப் பார்த்தது. பொதுத் தொல்லை என்ற பிரிவில் உடல் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது என்றது. 2008 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2009 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது.

அங்கே பெரிய சிக்கல் ஒன்று எழுந்தது. அந்த ஆண்டுகளில் காற்றில் என்ன பறந்தது என்று போதுமான அளவில் யாரும் அளந்து வைக்கவில்லை. எந்த லாரியில் எந்தக் குட்டையின் சேறு போனது என்பதற்கும் முழுமையான பதிவு கிடையாது. நிபுணர்கள் மண் மாதிரிகளையும் பழைய ஆவணங்களையும் வைத்து, தூசி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. ஊராரின் நினைவு முக்கியச் சான்றானது.

தீர்ப்பு

2009 ஜூலை 29-ல் நீதிபதி ஏகன்ஹெட் தீர்ப்பளித்தார். 1983 முதல் 1997 ஆகஸ்ட் வரை, தான் வாங்கிய நிலங்களைக் கையாண்டதில் நகராட்சி பெருமளவில் கவனக்குறைவாக இருந்தது என்றும், இந்த வகைக் குறைபாட்டை உண்டாக்கும் திறன் வெளியேறிய பொருள்களுக்கு இருந்தது என்றும் முடிவு செய்தார். மூன்று வழிகளிலும் நகராட்சி பொறுப்பாளி. வயதில் இளைய இருவருக்கு மட்டும் இது பொருந்தவில்லை. அவர்கள் விஷயத்தில் காலம் 1997 ஆகஸ்டுக்குப் பிறகு வந்துவிடுகிறது.

காற்றில் பரவிய கழிவு நச்சுக்கும் பிறவிக் குறைக்கும் தொடர்பு இருக்க முடியும் என்று பிரிட்டனில் ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தியானது. ஆனால் இந்தத் தீர்ப்பு முடித்துவைத்தது பொதுவான கேள்விகளை மட்டும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்ன குழந்தைக்கு இன்ன தூசியால் ஆனது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இனிமேல்தான் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது.

அதன் பிறகு

நகராட்சி மேல்முறையீட்டுக்குப் போக முனைந்தது. இன்னொரு நீண்ட சுற்று வரும் என்று குடும்பங்கள் அஞ்சிக்கொண்டிருந்தபோது, 2010 ஏப்ரலில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. மேல்முறையீடு கைவிடப்பட்டது. துப்புரவில் தவறுகள் நடந்ததை நகராட்சி ஒப்புக்கொண்டு, பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் வருத்தம் தெரிவித்தது. தொகை அப்போது வெளியிடப்படவில்லை. மூத்தவர்கள் அதற்குள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

மாசடைந்த நிலத்தை அடையாளம் கண்டு கையாள்வதற்கான சட்ட ஏற்பாடு இங்கிலாந்தில் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கோர்பியில் பெரிய தோண்டல் வேலைகள் அதற்கு முன்பே நடந்துவிட்டன.

எதை மாற்றியிருக்க வேண்டும்

நிலத்தை அப்படியே விட்டிருக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. குட்டைகள் என்றைக்காவது ஒழுகியிருக்கும். ஊருக்கும் வேலை தேவைப்பட்டது.

மாற வேண்டியது போக்குவரத்து. ஆலை வளாகம் பரந்தது, டீன் குவாரியும் வெகு தூரமில்லை. பொதுச் சாலையைத் தொடாத தனிப் பாதை ஒன்றைப் போடுவதற்குச் செலவு ஆகும்தான், ஆனால் பல வருடம் நடக்கப்போகிற வேலைக்கு அது முதல் வருடத்திலேயே போட வேண்டிய செலவு. அது முடியாது என்றால் மூடிய தொட்டி லாரி, வாயிலில் ஒழுங்காக இயங்கும் சக்கரம் கழுவும் இடம், காய்வதற்கு முன் சாலையைக் கழுவும் வண்டி. எதுவும் அன்றைக்குத் தெரியாத தொழில்நுட்பம் இல்லை. சேறு சாலையில் விழுந்த முதல் நாளே லாரியை நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

அந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கோர்பியில் நில உரிமையாளர் நகராட்சி. வேலையை நடத்தியதும் நகராட்சி. தூசி பற்றிப் புகார் சொல்ல வேண்டுமென்றால் மக்கள் போக வேண்டியதும் நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குத்தான். நிலத்தைச் சீக்கிரம் விற்க வேண்டிய அமைப்பே தன் வேலையை நிறுத்தச் சொல்லித் தனக்கே உத்தரவு போடும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது. இவ்வளவு பெரிய நச்சு நிலத்தை மைய அரசு ஒரு சிறு நகராட்சியின் தலையில் விட்டது, வளர்ச்சிக் கழகத்தையும் அதே நேரத்தில் கலைத்தது. இதில் மைய அரசின் பங்கைப் பற்றி வழக்கு பேசவில்லை, ஏனென்றால் அது பிரதிவாதி அல்ல. நான் அதைக் குறைத்து எண்ண மாட்டேன்.

அப்புறம், தோண்டுவதற்கு முன் ஒரு குறிப்பேடு. எந்தக் குட்டை, அதில் என்ன இருக்கிறது, எந்த நாளில், எந்த வண்டியில், எந்தக் குழிக்குப் போனது. வேலை நடக்கும் ஆண்டுகள் முழுக்கச் சாலையோரத்தில் காற்று அளக்கும் கருவி. இவை இருந்திருந்தால் தவறு முதல் கோடையிலேயே தெரிந்திருக்கும், சில பிள்ளைகள் முழுக் கையோடு பிறந்திருக்கலாம். தெரியாமல் போயிருந்தாலும், இருபது வருடம் கழித்து ஒரு தாய் நீதிமன்றத்தில் நின்று, தன் சன்னல் விளிம்பில் படிந்த தூசியின் நிறம் என்னவென்று நினைவிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வந்திருக்காது.